ஒன்பதரை மணி எண்

ஆய்வுக்கூடக் கதவின் உட்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பதினொரு வரிகள். நான் எழுதி, நானே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. முதல் வரி, ஏர்கோனை இருபத்திரண்டு டிகிரி குளிரில் வைப்பது. இரண்டாவது, கைபேசியை வெளியறை மேசையில் விட்டுவருவது. மூன்றாவது, ஜன்னல் துணியின் நான்கு ஓரங்களையும் அழுத்திப் பார்ப்பது. நான்காவது, காலை ஒன்பதரைக்கு லேசரை மூடிவிட்டு இருட்டை எண்ணுவது.

இருட்டையும் எண்ண வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு டிடெக்டர்களும் ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரே ஒரு துகள், வந்து விழுந்தாலும் ஒரு துடிப்பை அனுப்பும். எதுவுமே விழாதபோதும் அவை சும்மா இருப்பதில்லை. தம்முடைய சூட்டிலேயே கொஞ்சம் துடிக்கும். எங்கிருந்தோ கசிந்துவரும் வெளிச்சத்துக்கும் துடிக்கும். லேசரை மூடிய பிறகும் வினாடிக்கு நானூறு துடிப்பு வந்தால் அந்த நானூறு நம்முடையதல்ல. அன்று எடுக்கும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும். அந்த எண்ணை ஒன்பதரைக்கு எடுத்து, கட்டம் போட்ட குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவேன். ஏழு மாதங்களில் ஒரு வேலைநாளிலும் அது விடுபடவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

என் வேலையின் முழுப்பெயர், தனி ஃபோட்டான்களின் சுற்றுப்பாதைக் கோண உந்தத்தை அளப்பது. அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கிள்ளானில், அம்மா இருக்கும் வீட்டில், வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன்.

"வெளிச்சம் திருகிக்கிட்டே போகும்மா. சிலது ஒரு திருகு, சிலது ரெண்டு, சிலது நாலு. எத்தனை திருகுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை."

"கண்டுபிடிச்சு?"

"ஒரே துகள்ல நெறைய சேதி வச்சு அனுப்பலாம்."

"வாட்ஸாப்லயே தேவைக்கு மேல வருது லா," என்றார் அம்மா, மலாய்ப் பேச்சிலிருந்து எங்கள் ஊர்த் தமிழில் ஒட்டிக்கொண்ட அந்த 'லா'வோடு.

அம்மாவிடம் சொன்னது தவறில்லை. சாதாரண லேசர் ஒளியின் முகப்பு தட்டையாகப் போகிறது. ஒரு சுழல் தகட்டின் வழியாக அனுப்பினால் அது திருகாணியின் புரிபோல முறுக்கிக்கொண்டு போகும். புரிகளின் எண்ணிக்கைதான் திருகு. ஒரு முழுக் கற்றையில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். படம் எடுத்துப் பார்த்தால் போதும். ஒரே ஒரு ஃபோட்டானைப் படம் எடுக்க முடியாது. அது ஒரு முறைதான் வரும், ஓரிடத்தில்தான் விழும். ஆகவே விழும் முன்பே அதை வரிசை பிரித்து, திருகுக்கு ஏற்ற வாசலுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அதற்கான வழி, கூரை மின்விசிறியைப் பார்த்தால் புரியும். நான்கு இறக்கை விசிறியை அரைச் சுற்று திருப்பி நிறுத்துங்கள். முன்பு இருந்தபடியே தெரியும். இரண்டு இறக்கைக்கும் அப்படியே. மூன்று இறக்கை விசிறி அப்படித் தெரியாது. இறக்கை இருந்த இடத்தில் இப்போது இடைவெளி இருக்கும். நாங்கள் மேசைமேல் செய்திருந்தது இதைத்தான். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இரண்டு பாதைகளைத் திறந்து, ஒரு பாதையில் மட்டும் கண்ணாடிப் பட்டகங்களால் அரைச் சுற்று திருப்பி, மறுபடி ஒன்றுசேர்த்தோம். இரட்டைப்படைத் திருகு உள்ளவை இடது வாசலுக்கு வரும், ஒற்றைப்படை வலது வாசலுக்கு. இரண்டு வாசலிலும் ஒவ்வொரு டிடெக்டர். லேசரை மிகவும் மங்கலாக்கியிருந்ததால், ஒரு நேரத்தில் கருவிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான் இருக்கும் வாய்ப்பு குறைவு. அந்த லேசரின் ஒளி சிவப்புக்குச் சற்று அப்பாற்பட்டது. கண்ணுக்குத் தெரியாது.

நான் முதுகலை மாணவியாகச் சேர்ந்திருந்தேன். மூவர் குழுவின் முன் வேலையை விளக்கி, அவர்கள் ஒப்புக்கொண்டால் முனைவர் பட்டத்துக்கு மாறலாம். குழு கூடும் நாள் ஒரு வியாழக்கிழமை. கிள்ளானுக்குப் பக்கத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர் வேலையும் எனக்குக் கிடைத்திருந்தது. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே வட்டாரத்தில் இன்னொரு தொழிற்சாலையில் பொட்டலப் பிரிவை மேற்பார்க்கும் அம்மாவுக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

"அங்க ஏர்கோன் உண்டு."

"இங்கயும் உண்டும்மா."

"அங்க லைட்டு போட்டிருப்பாங்க," என்றார்.

குழுவுக்குக் கொடுத்த அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு படம். ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று திருகுகள். ஒவ்வொன்றுக்கும் சரியான வாசலுக்கு எத்தனை, தவறான வாசலுக்கு எத்தனை. நான்கு திருகில் தவறான வாசலுக்கான பட்டை கிட்டத்தட்டப் பூஜ்யம். திருகு கூடக்கூடப் பிழையும் கூடுவதுதான் வழக்கம். எங்களுக்குக் கூடவில்லை. என்னுடைய இடம் அந்தப் படத்தின் மேல்தான் நின்றது.

இனி துணியைப் பற்றி.

பல்கலைக்கழகம் எங்களுக்குக் கொடுத்த அறை மூன்றாம் மாடியில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அகலமான ஜன்னலுடன் இருந்தது. வெயில் நேராக விழாது, வெளிச்சம் உண்டு. முறையான மறைப்புத் துணிக்கு மூன்று கையெழுத்துகள் தேவைப்பட்டன, இரண்டுதான் வந்திருந்தன. அது கார்த்திகை மாதத் தொடக்கம். கிள்ளானில் துணிக்கடைகளின் வாசல் எல்லாம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கான கறுப்புத் துணி மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தது. நான் எட்டு மீட்டர் கேட்டேன்.

"மாலை போடறது யாரும்மா? அப்பாவா, அண்ணனா?" என்றார் கடைக்காரர்.

"ஜன்னலுக்கு, அங்கிள்."

"ஜன்னலுக்கா? ஜன்னல் எத்தனை நாள் விரதம்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரே வேறொரு கட்டை இறக்கி, ஒரு முனையை விரித்தார். "அது ரெண்டாவது தண்ணிக்கே வெளுத்துரும். இதை எடுத்துக்க. டியூப் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாரு, ஏதாச்சும் தெரியுதா?"

பிடித்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.

"தெரியாது. சாமி துணி. கீழ போட்டு மிதிக்காதீங்க."

அம்மா அதை இரண்டு மடிப்பாகத் தைத்து, ஓரங்களில் ஒட்டுப்பட்டை வைத்துக் கொடுத்தார். ஜன்னலை அதனால் மூடியபின் உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. மிஞ்சிய துணி கிள்ளானிலேயே இருந்தது.

வெளியறையில் ஆய்வுக்கூட உதவியாளரின் மேசை. சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற தமிழர், நாற்பதைத் தாண்டியவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை முதல் வாரத்திலிருந்தே டாக்டர் என்று கூப்பிட்டார். நானும் முதல் வாரத்திலிருந்தே "இன்னும் ஆகலை அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணினி அவர் மேசைக்கு எதிரே இருந்ததால், அளவு ஓடும்போது நானும் வெளியறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஜன்னல் இல்லை. மழை வந்தால் தன் மோட்டார் சைக்கிளை நகர்த்தப் போகும் அவர்தான் சேதி கொண்டுவருவார்.

மழைக்கும் எங்கள் எண்களுக்கும் தொடர்பு இருப்பதை முதலில் கவனித்தது நான்தான். வெயில் அடிக்கும் பிற்பகல்களில் தவறான வாசலில் துடிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மழை இறங்கிய கால் மணி நேரத்தில் அவை குறைந்துவிடும். ஒரு முறை அல்ல. ஆறு முறை, ஏழு முறை. குறிப்பேட்டில் மழைக்கென்று ஒரு பத்தி போட்டேன். காரணத்தையும் கண்டுபிடித்தேன். மழை வந்தால் கார் நிறுத்துமிடத்தில் போக்குவரத்து நின்றுவிடுகிறது. அதிர்வு குறைகிறது. எங்கள் மேசையின் இரண்டு பாதைகளும் ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு அசைந்தாலும் ஃபோட்டான்கள் வாசல் மாறிவிடும். ஆகவே மழை நேரமே அளவெடுக்க ஏற்ற நேரம். என் ஆய்வு மேற்பார்வையாளரும் இதை ஒப்புக்கொண்டார். அறிக்கையில் அதிர்வைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

அதன்பிறகு முக்கியமான அளவுகளை எல்லாம் மழைக்காக நிறுத்தி வைத்தேன்.

"டாக்டர், பூச்சோங் பக்கம் கறுத்துருச்சு. ஒரு பத்து நிமிஷம்," என்று அண்ணே கதவைத் தட்டுவார். இல்லையென்றால், "இன்னிக்கு சான்ஸ் இல்ல, போய் தே தாரிக் குடிங்க" என்பார். ஒரு வாரம் தொடர்ந்து மழை இல்லாதபோது, "பேசாம ஒரு தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைப்போமா? மாப்பிள்ளை நம்ம லோங்காங்ல இருக்கான்" என்றார். லோங்காங் என்றால் சாக்கடை. நான் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொருந்தாத விஷயங்கள் இரண்டு இருந்தன. மழையின்போது தவறான வாசலில் மட்டுமல்ல, சரியான வாசலிலும் எண் சற்றுக் குறைந்தது. அதிர்வு குறைந்தால் அங்கே கூட வேண்டும். லேசர் பிற்பகலில் சற்றுத் தளர்கிறது என்று எழுதிக்கொண்டேன். மற்றது, சில மழை நாட்களில், காலை ஒன்பதரை எண்ணைக் கழித்தபின் தவறான வாசலில் மிஞ்சியது பூஜ்யத்துக்கும் கீழே போனது. வினாடிக்கு மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து. மைனஸ் பத்து ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் என்று வைத்து அவற்றைப் பூஜ்யமாக்கினேன். மறைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய நட்சத்திரம் போட்டேன். பக்கத்தின் அடியில் நட்சத்திரத்துக்கு விளக்கம் எழுதவில்லை.

குழு கூடுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். வாரநாட்களில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். சனிக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து வீடு போவது வழக்கம். அன்று காலை அம்மா வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்சுக்கான குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு எப்போதும் உறை உண்டு. முதலில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை, அது கிழிந்ததும் அரிசிப் பை. இப்போது அம்மா மிஞ்சிய கறுப்புத் துணியில், வாய்க்கு நாடா வைத்து ஒரு பை தைத்திருந்தார். ரிமோட் அதற்குள் கிடந்தது. விளம்பரம் வந்ததும், கை மாவாக இருந்ததால், அம்மா பையோடு சேர்த்து முழங்கையால் அழுத்தினார். சேனல் மாறியது.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அம்மா, இன்னொரு தடவை பண்ணுங்க."

"என்னத்தை?"

"சேனல் மாத்துங்க. பையிலேர்ந்து எடுக்காம."

"இப்பதானே மாத்துனேன். பாட்டு போட்டி வரப்போகுது, சும்மா இரு."

நான் எழுந்து போய் அழுத்தினேன். மாறியது. துணியின் இன்னொரு மூலையை மேலே போட்டு இரண்டு மடிப்பாக்கி அழுத்தினேன். மாறியது.

"எப்பவும் இப்படியேதான் மாத்துவீங்களா?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து. ஏன், பேட்டரி போயிருமா?"

"போகாது."

"அப்புறம் என்ன? நல்ல துணி லா. அழுக்கே தெரியலை."

ரிமோட் அனுப்புவதும் சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளிதான். எங்கள் லேசரின் ஒளிக்குப் பக்கத்துவீடு என்று சொல்லலாம். கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு அந்த ஒளி கொஞ்சம் தெரியும். பையைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினேன். கறுப்புத் துணியின் நடுவில், திரையில், வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. துணிக்குப் போட்ட சாயம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் குடிக்கிறது. அதற்கு அப்பால் அது வலை. நான் கடையில் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தது கண்ணால். டிடெக்டருக்கு இருந்தது வேறு கண்.

சப்பாத்தி சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் கணக்கு போட்டேன். வெளிவெளிச்சம் துணி வழியாக டிடெக்டருக்கு வருகிறது. காலை ஒன்பதரைக்கு வானம் வெளுத்திருக்கும். இருட்டு எண் நானூறு. மாலையில் மழை இறங்கும்போது வானம் கறுக்கும். உண்மையான இருட்டு எண் இருநூற்றைம்பதாக இறங்கியிருக்கும். நான் அப்போதும் நானூறைக் கழிக்கிறேன். தவறான வாசலில் நூற்றைம்பது ஃபோட்டான் உண்மையாகவே வந்திருந்தால், நான் கழித்த அதிகப்படியான நூற்றைம்பது அவற்றை விழுங்கிவிடும். மிஞ்சுவது பூஜ்யம். சில நாள் அதற்கும் கீழே. சரியான வாசலிலும் அதே நூற்றைம்பது குறையும். லேசர் தளரவில்லை. அதிர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஏழாம் பக்கத்தின் பட்டை பூஜ்யத்தில் நின்றது கருவியின் திறமையால் அல்ல. ஒன்பதரைக்கு மட்டும் இருட்டை எண்ணிய பட்டியலால்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? உப்பு கூடிருச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. ரிமோட்டைப் பையோட நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப நான் எப்படி டிவி பாக்கறது?"

அதனால் கடைசியில் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இருட்டை எண்ணினேன். பிறகு அரை மணிக்கு ஒரு முறை, மாலை வரை எண்ணினேன். வேறு எதுவும் செய்யவில்லை. மூன்றே முக்காலுக்கு அண்ணே ஓடிவந்தார்.

"மழை டாக்டர்! ஓட்டுங்க, ஓட்டுங்க!"

"லேசர் மூடியிருக்கு அண்ணே."

"மூடிட்டா? மழை வந்திருக்கு, தொறக்கலையா?"

திரையில் எண் முந்நூற்றறுபது, முந்நூறு, இருநூற்று நாற்பது என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். விளக்கினேன்.

"அப்ப இவ்வளவு நாளா நான் தட்டினதெல்லாம்?"

"நீங்க சரியாத்தான் தட்டினீங்க."

"வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமைதான்."

அவர் தலையைச் சொறிந்தார். "யாருக்கும் தெரியாது லா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, "வீட்டுல வறுவல் சுத்துற அலுமினியத் தாள் இருக்கு. அது எல்லாத்தையும் மறைக்குமில்ல?"

மறைக்கும்.

மேற்பார்வையாளர் சீனர், ஆங்கிலத்தில் குறைவாகப் பேசுகிறவர். அவருடைய அறையில் துணிப்பையையும் குறிப்பேட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் பையைத் தொடவில்லை. குறிப்பேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இந்த நட்சத்திரம் என்ன என்று கேட்டார். பூஜ்யத்துக்குக் கீழே போனவை, நான் பூஜ்யமாக்கியவை என்றேன். எத்தனை என்று கேட்டார். பத்தொன்பது. ஏன் என்னிடம் காட்டவில்லை என்றார். ஏற்ற இறக்கம் என்று நினைத்ததாகச் சொன்னேன். ஏற்ற இறக்கம் என்றால் பாதி மேலேயும் பாதி கீழேயும் போகவேண்டும், பத்தொன்பது கீழே போயிருந்தால் அதே அளவு மேலே போனவை எங்கே என்று கேட்டார். ஜன்னலில் அந்தத் துணி ஏழு மாதமாகத் தொங்கியதைத் தானும் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, ஒரு மாநாட்டுக்கு எங்கள் இருவர் பெயரிலும் அனுப்பியிருந்த சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். குழுவை ஒத்திவைக்க முடியாது, மூவரையும் ஒரே நாளில் பிடிப்பதற்கு மூன்று மாதம் ஆனது, எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போ என்றார்.

செவ்வாய் காலை அண்ணேயும் நானும் ஜன்னலில் அலுமினியத் தாளை இரண்டு அடுக்காக ஒட்டினோம். துணியை அதன்மேல் மறுபடி மாட்டினோம். தாள் ஒட்டும்போது அவர் கீழே கிடந்த துணியை மிதித்துவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருட்டு எண் வினாடிக்கு நூறுக்குக் கீழே வந்தது. ஒவ்வோர் அளவுக்கும் முன்னும் பின்னும் இருட்டை எண்ணினேன். செவ்வாயும் புதனும் சேர்ந்து ஒரு திருகுக்கும் இரண்டு திருகுக்கும் போதுமானவையாக இருந்தன. கருவி வேலை செய்தது. அறிக்கையில் எழுதியதைவிடச் சற்று மோசமாக, ஆனால் சந்தேகமில்லாமல். நான்கு திருகுக்குப் புதன் பிற்பகல் மட்டும் கிடைத்தது. எட்டில் ஒரு ஃபோட்டான் தவறான வாசலுக்குப் போவதுபோலத் தோன்றியது. எண்கள் சிதறிக் கிடந்தன. தோன்றியது என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை பேச்சில் ஏழாம் பக்கத்தை எடுத்துவிட்டு மூன்று பக்கங்கள் சேர்த்தேன். முதலாவதில் கைபேசியில் எடுத்த, துணி வழியாக ரிமோட் தெரியும் படம். இரண்டாவதில் திங்கட்கிழமையின் இருட்டு எண்கள், மழை தொடங்கிய நேரத்தில் ஒரு கோடு. மூன்றாவதில் புதிய அளவுகள். நான்கு திருகுக்கு உரிய இடம் காலி. குழுவில் ஒருவர், பொறியியல் துறையைச் சேர்ந்த பெண்மணி, அறிக்கையின் பழைய பிரதியைக் கையில் வைத்திருந்தார்.

நான்கு திருகைப் பிரிக்க முடியும் என்று போன மாதம் எழுதியிருக்கிறீர்களே என்றார்.

எழுதியிருக்கிறேன் என்றேன்.

இப்போது?

இப்போது தெரியாது என்றேன்.

இன்னொருவர் சற்றுச் சிரித்து, தொலைக்காட்சியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டார். பாட்டுப் போட்டி என்றேன். மூன்றாமவர் நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டார். மேற்பார்வையாளரிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். பெண்மணி அதைக் குறித்துக்கொண்டார். முடிவு இரண்டு வாரத்தில் கடிதமாக வரும் என்றார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை, முடிவு தெரியாமலே தொழிற்சாலைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து தாளை இரண்டாகப் பிரித்துப் பட்டியல் போட்டேன். வலப்பக்கம் தொழிற்சாலை: ஒன்பது வரிகள். வீட்டிலிருந்தே போகலாம், நிரந்தரம், அம்மாவோடு ஒரே பேருந்து, இப்படி. இடப்பக்கம் ஆய்வுக்கூடம்: ஒரே வரி. நான்கு திருகுக்கு உரிய எண் என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. வேறு எழுதப் பார்த்தேன், வரவில்லை. பத்து மணிக்கு மன்னிப்புக் கேட்டு, வரவில்லை என்று நான்கு வரியில் பதில் அனுப்பினேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாஸா, பெயிலா?"

"இன்னும் சொல்லலை."

"சொல்றதுக்குள்ள அந்த வேலையை வேணாம்னுட்டியா?"

"ஆமாம்மா."

பின்னால் பொட்டலப் பிரிவின் இயந்திரச் சத்தம் கேட்டது. யாரையோ மலாயில் அதட்டிவிட்டு மறுபடி வந்தார். "என் ரிமோட் பையாச்சும் திருப்பிக் கொண்டுவா. மாவுக் கையால தொட்டுத் தொட்டு ரிமோட்டு பிசுபிசுங்குது."

கடிதம் மூன்றாவது வாரம்தான் வந்தது. நிராகரிக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆறு மாதம் கழித்து நான்கு திருகுக்கான முழு அளவுகளோடும், கழிக்கும் முன் இருந்த எல்லா எண்களோடும் மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள். அதுவரை முதுகலை மாணவிதான். அண்ணே கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப இன்னும் ஆறு மாசம் நான் டாக்டர்னு சும்மா கூப்பிடணும்" என்றார்.

இப்போது நான்காவது மாதம் நடக்கிறது. முறையான மறைப்புத் துணி மூன்றாவது கையெழுத்தும் கிடைத்து வந்துசேர்ந்துவிட்டது; அதைத் தாளின்மேல் மாட்டியிருக்கிறோம். கதவில் உள்ள பட்டியலில் இப்போது பத்து வரிகள். நான்காவதை அடித்துவிட்டு, எஞ்சியவற்றின் எண்களை மாற்றவில்லை. இருட்டை எண்ணுவதை அளவெடுக்கும் நிரலிலேயே சேர்த்துவிட்டேன். ஒவ்வோர் அளவின் இரு பக்கமும் அது தானாக எண்ணிக்கொள்கிறது. குறிப்பேட்டில் மழைக்கான பத்தியை மட்டும் இன்னும் நிரப்புகிறேன்.

நேற்று நான்கு திருகின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் அண்ணே மோட்டார் சைக்கிளை நகர்த்திவிட்டு, சட்டைத் தோள் நனைந்து வந்தார்.

"மழை," என்றார். பழக்கத்தில் சொல்லிவிட்டு நின்றார்.

"சரி அண்ணே."

"இப்ப அதுனால ஒண்ணுமில்லையா?"

"பாப்போம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அளவு முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மழைக்கு முன் எடுத்த இருட்டு எண் தொண்ணூற்றாறு என்று திரையின் மூலையில் நின்றது. பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. லேசர் தானாக மூடிக்கொண்டது. நிரல் மறுபடி எண்ணத் தொடங்கியது. தொண்ணூற்றெட்டு. மழைப் பத்தியில் 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதினேன். தவறான வாசலில், கழித்த பிறகு, நூற்று நாற்பத்தொன்று இருந்தது. நட்சத்திரம் போடாமல் அதையும் எழுதினேன்.